பெயரை வாங்கினால் போதுமா?

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரிலுள்ள ‘ப்ரீ ராடிகல் டிசைன்’ கம்பெனி 2023-ம் ஆண்டு டிசம்பரில் மூடப்பட்டது. அங்கே உருவாகி வந்த புதிய ‘டைம்ஸ்பிளிட்டர்ஸ்’ வீடியோ விளையாட்டும் அத்துடன் நின்றது. இதே பெயர் கொண்ட கம்பெனி 2008-ம் ஆண்டு டிசம்பரில் முறிந்தபோதும், இந்த விளையாட்டின் நான்காம் பாகம் பாதியில்தான் நின்றது. 15 வருஷ இடைவெளியில் ஒரே விபத்து இருமுறை நேர்ந்திருக்கிறது.

டெலிவிஷன் பெட்டியுடன் இணைத்து ஆடும் துப்பாக்கி விளையாட்டு இது. 1997-ல் வெளிவந்து பெரும் புகழ் பெற்ற ‘கோல்டன் ஐ’ விளையாட்டில் வேலை செய்தவர்கள் சிலர், 1999-ல் தனியே பிரிந்து இந்தக் கம்பெனியை ஆரம்பித்தார்கள். டேவிட் டோக், ஸ்டீவ் எல்லிஸ் ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். 2000, 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்கள் வெளிவந்தன. 1932-ம் வருஷத்துச் சிகாகோவில் சண்டை போடுகிறவன், வேறொரு கட்டத்தில் 2401-ம் வருஷத்து விண்வெளி நிலையத்தில் நிற்பான். குரங்கு கூடத் துப்பாக்கி ஏந்தி வரும்! நாலு பேர் ஒரே பெட்டியின் முன்னால் அமர்ந்து சிரித்துக்கொண்டே ஆடலாம்.

அந்த வேடிக்கையே பிறகு இடையூறாக முடிந்தது. ஒரே கதாநாயகன், ஒரே களம் என்றில்லாத விளையாட்டை எப்படி விளம்பரம் செய்வது என்று வெளியீட்டாளர்கள் தயங்கியதாக எல்லிஸ் பின்னர் கூறினார். 2008-ல் வெளியான ‘ஹேஸ்’ விளையாட்டும் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. முறிந்த கம்பெனியை 2009-ல் ஜெர்மனியின் ‘கிரைடெக்’ வாங்கியது. நான்காம் பாகம் வரவில்லை.

2018-ல் விளையாட்டின் உரிமை கைமாறி, பின்னர் ‘எம்ப்ரேசர்’ என்று அழைக்கப்பட்ட ஸ்வீடன் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. 2021-ல் டோக், எல்லிஸ் இருவரையும் அழைத்து, பழைய பெயரிலேயே கம்பெனி மீண்டும் தொடங்கப்பட்டது. ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் 2023-ல் எம்ப்ரேசர் நம்பியிருந்த சுமார் 200 கோடி டாலர் ஒப்பந்தம் கைகூடவில்லை. செலவைக் குறைக்கக் கத்தியை எடுத்தார்கள். நாட்டிங்ஹாம் கிளையும் வெட்டுப்பட்டது.

நஷ்டத்தில் தொழில் நடத்து என்று எந்த முதலாளியையும் கட்டாயப்படுத்த முடியாது. அது நியாயமே. ஆனால் வராத பணத்தை நம்பிக் கம்பெனிகளை வாங்கிக் குவித்தவர்கள் ஒருபுறம். வேலை இழந்தவர்கள் மறுபுறம். கணக்குப் போட்டவர் ஒருவர், கடன் அடைப்பவர் வேறொருவர் என்றால் அது என்ன நீதி?

இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. உரிமைப் பத்திரம் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். கைத்திறன் அப்படி இருக்காது. கூடி வேலை செய்தவர்கள் திசைக்கொருவராகப் பிரிந்தால், திரும்பச் சேர்ப்பது அரிது. ஒரு தடவை சேர்த்ததே அதிசயம்.

பாதியில் நின்ற வேலையையாவது அழியாமல் காக்க வேண்டும். ஷெப்பீல்டு நகரில் வீடியோ விளையாட்டுகளுக்கென்றே தேசியக் காட்சிசாலை இருக்கிறது. விற்க முடியாததை அங்கே ஒப்படைத்தால் முதலாளிக்கு நஷ்டமில்லை. பின்னால் வரும் தொழிலாளிக்குப் பாடமாகும். பெயரை வாங்கியவர்களுக்கு அந்தக் கடமையாவது இருக்கிறது.