செல் சவ்வு நகர்கிறது, பாடம் நகரவில்லை

பதினோராம் வகுப்பில் செல் சவ்வு என்றதும் மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது ஒரு படம்தான். மேலும் கீழும் வரிசையாக உருண்டைத் தலைகள், நடுவே தொங்கும் வால்கள், இடையிடையே புரதக் கட்டிகள். கீரனூர் போன்ற சிற்றூரில் படித்தாலும் சென்னையில் படித்தாலும் இதை வரைந்து பாகங்களைக் குறித்தால் மதிப்பெண் வந்துவிடும். படத்தில் உள்ள தலையும் வாலும் ஒரு கணம்கூட ஓரிடத்தில் நிற்பதில்லை என்ற செய்தியும் பாடநூலில் சில வரிகளாக இருக்கத்தான் செய்கிறது. அந்த வரிகளை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். செய்முறை வகுப்பில் அதைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. இந்த வழியைத் திறந்துவிட பள்ளிக் கல்வித் துறைக்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

அந்த அசைவு லேசுப்பட்டதல்ல. படத்தில் தலையும் வாலுமாகத் தெரியும் ஒரு லிப்பிடு மூலக்கூறு, அடுத்திருக்கும் மூலக்கூறோடு நொடிக்கு ஏறக்குறைய ஒரு கோடி முறை இடம் மாற்றிக்கொள்கிறது. பாக்டீரியா ஒன்றின் நீளமான இரண்டு மைக்ரோமீட்டரை ஒரே நொடியில் கடந்துவிடுகிறது. ஆனால், பக்கவாட்டில் இப்படி ஓடும் அதே மூலக்கூறு மேலடுக்கிலிருந்து கீழடுக்குக்குத் தானாகப் புரள்வது அபூர்வம். அதன் தலை தண்ணீரை நாடுவது. புரள வேண்டுமானால் தண்ணீரை ஒதுக்கும் எண்ணெய்ப் பகுதியைத் தாண்டியாக வேண்டும்.

இதை எப்படி அளந்தார்கள் என்பது பாடத்தைவிடச் சுவையானது. பிரிட்டனில் அலெக் பாங்கம் 1960களில் ஓர் எளிய உண்மையைக் காட்டியிருந்தார்: லெசித்தின் என்ற லிப்பிடைத் தண்ணீரில் கலந்தால் அது தானாகவே சவ்வாகி, நுண்ணிய பைகளாக மூடிக்கொள்ளும். புரதமோ உயிரோ இல்லாத மாதிரிச் சவ்வு அது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஹார்டன் மெக்கானலும் அவருடைய மாணவர் ரோஜர் கோர்ன்பெர்க்கும் 1971இல் இத்தகைய பைகளை எடுத்துக்கொண்டார்கள். காந்தப்புலத்தில் வைத்தால் சமிக்ஞை தரும் வேதிக் குறி ஒன்றைச் சில லிப்பிடுகளின் தலையில் பொருத்தினார்கள். பிறகு பைகளைக் குளிர்ந்த நிலையில் வைத்து வைட்டமின் சி உப்பைச் சேர்த்தார்கள். அது வெளி அடுக்கிலிருந்த குறிகளை அழித்தது. பைக்குள் நுழைய முடியாததால் உள் அடுக்குக் குறிகள் தப்பின. பின்னர் 30 டிகிரி வெப்பத்தில் வைத்து, உள்ளே இருந்தவை எப்போது வெளியே புரள்கின்றன என்று காத்திருந்தார்கள். இரு அடுக்குகளுக்கும் இடையிலான வேறுபாடு பாதியாகக் குறைய ஆறரை மணி நேரம் ஆனது. பக்கவாட்டு ஓட்டம் மின்னல் வேகம் என்பதையும் இந்த இருவரே அதே ஆண்டில் காட்டினார்கள். கோர்ன்பெர்க் பின்னாளில் வேறொரு ஆய்வுக்காக 2006இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

இதனால் என்ன பயன் என்று கேட்பவர்கள் 2021 மே மாதத்தை நினைத்துப் பார்க்கலாம். கொரோனாவைத் தொடர்ந்து கருப்புப் பூஞ்சை பரவியது. தமிழ்நாடு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. லைபோசோமல் ஆம்ஃபோடெரிசின் பி என்ற ஊசி மருந்துக்கு நாடு முழுவதும் தட்டுப்பாடு. ஆம்ஃபோடெரிசின் பழைய மருந்துதான். ஆனால் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். அந்தக் கெடுதலைக் குறைக்க அதைப் பாங்கம் கண்ட பைகளின் சவ்விலேயே பொதிந்து தருகிறார்கள். லைபோசோம் என்பது அந்தப் பைதான்.

பை தளர்ந்தால் மருந்து வழியிலேயே கசிந்துவிடும். ஆகவே அதன் லிப்பிடுகள் உடல் வெப்பத்திலும் அதிகம் அசையக் கூடாது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடுகிறது, பக்கத்திலேயே இருக்கும் கடலை எண்ணெய் உறைவதில்லை. தேங்காய் எண்ணெயின் வால்கள் பெரும்பாலும் நேரானவை, நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன. கடலை எண்ணெயின் வால்களில் பல வளைந்தவை. மருந்துப் பைக்குச் சோயாவிலிருந்து லெசித்தினை எடுத்து, ஹைட்ரஜனேற்றம் செய்து வால்களை நேராக்கி, கொலஸ்டிராலும் சேர்த்து இறுக்குகிறார்கள். லிப்பிடு எவ்வளவு நகர்கிறது என்ற கேள்வி மருத்துவமனைக் கட்டில்வரை வந்து நிற்கிறது.

மாதிரிச் சவ்வில் கண்டது அப்படியே உயிருள்ள செல்லுக்குப் பொருந்தாது என்பதும் மாணவருக்குத் தெரிய வேண்டும். உயிருள்ள செல்லில் புரதங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. சவ்வுக்கு அடியில் புரத இழைகளாலான வலை இருக்கிறது. அங்கே நெடுந்தூர ஓட்டம் பல மடங்கு மந்தம் என்று ஜப்பானின் அகிஹிரோ குசுமி குழுவினர் ஒற்றை மூலக்கூறுகளைப் பின்தொடர்ந்து காட்டினார்கள். புரட்டிவிடுவதற்கென்றே செல்லில் தனி நொதிகளும் உண்டு. எளிய மாதிரியில் அளந்த கணக்கு கையில் இருந்ததால்தான் செல்லில் தெரிந்த வேறுபாட்டுக்குக் காரணம் தேட முடிந்தது.

பள்ளியில் செய்யத்தக்கவை இரண்டு. முதலாவது, ஒரு குளத்தில் தொடங்கிய தட்டுச் சோதனை. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டனை அடுத்த கிளாப்ஹாம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றினார். அது சுமார் அரை ஏக்கருக்குப் பரவியதாக 1774இல் எழுதினார். எண்ணெயின் கனஅளவைப் பரப்பால் வகுத்தால் படலத்தின் தடிமன் ஏறத்தாழ 2.5 நானோமீட்டர். அது ஒரு மூலக்கூறின் உயரம். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடியிருந்த ஜெர்மனியில் ஆக்னஸ் போக்கெல்ஸ் வீட்டிலேயே தகரத் தொட்டி வைத்து இத்தகைய படலங்களை ஆராய்ந்தார். அவருடைய கடிதம் 1891இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது.

கீரனூர்ப் பக்கம் கண்மாய்களுக்குக் குறைவில்லை என்றாலும் அவற்றில் எண்ணெய் ஊற்ற வேண்டியதில்லை. ஓர் அகன்ற தட்டில் தண்ணீர், மேலே மெல்லத் தூவிய முகப்பவுடர், ஆல்கஹாலில் 400க்கு ஒரு பங்காகக் கரைத்த ஓலெயிக் அமிலம் ஒரு சொட்டு போதும். சொட்டு விழுந்ததும் பவுடர் விலகி, ஏறக்குறைய ஒரு சாண் அகலத்துக்கு வட்டம் திறக்கும். அளவுகோலை வைத்து விட்டத்தை அளந்தால் மூலக்கூறின் உயரத்தை மாணவரே கணக்கிட்டுவிடலாம். என்சிஇஆர்டியின் பழைய பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் நூலில் இருந்த சோதனைதான் இது.

இரண்டாவது, பீட்ரூட். ஒரே அளவில் நறுக்கிக் கழுவிய துண்டுகளை 30, 40, 50, 60, 70 டிகிரி வெந்நீரில் போட்டு வைத்தால், சூடு ஏற ஏற சவ்வு குலைந்து சாயம் கசிவது சோதனைக் குழாயில் வரிசையாகத் தெரியும்.

பாடத்தை முடிக்கவே நாள் போதவில்லை என்று ஆசிரியர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு செய்முறை வகுப்பே போதும். செய்முறைப் பட்டியலில் இவற்றைச் சேர்க்கும் துறை, வினாத்தாளிலும் ஒரு மாற்றம் செய்ய வேண்டும். ‘படம் வரைந்து பாகங்களைக் குறி’ என்பதோடு நிறுத்தாமல், மருந்துப் பைக்கு நேரான வாலுள்ள லிப்பிடைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்றும் கேட்கலாம். 60 டிகிரித் தண்ணீர் ஏன் சிவந்தது என்றும் கேட்கலாம்.