வாய் சொன்னால்தான் ஞாபகமா?

ஜெனிவாவில் கிளாபரேட் என்றொரு மருத்துவர் இருந்தார். அவரிடம் இருந்த ஒரு பெண் நோயாளிக்கு எதுவும் நினைவில் தங்காது. தினமும் வரும் டாக்டரையே புது ஆள் மாதிரி பார்ப்பார். ஒரு நாள் கிளாபரேட் கையில் குண்டூசியை ஒளித்து வைத்துக்கொண்டு கை குலுக்கினார். சுருக்! பிறகு அவர் மறுபடி கை நீட்டியபோது அந்தப் பெண் கையை இழுத்துக்கொண்டார். குத்தியது நினைவிருக்கிறதா என்றால், இல்லை. 1911-ல் அவரே எழுதி வைத்தது இது. (இன்றைக்குச் செய்தால் கேஸ் போட்டுவிடுவார்கள்!)

அவருக்கு இருந்தது டிமென்ஷியா அல்ல, கோர்சகாஃப் நோய். ஆனாலும் வாய் சொல்லாததைக் கை சொன்னதே, அதுதான் விஷயம்.

டிமென்ஷியாவுக்கு உலகம் முழுக்கப் புழங்கும் எம்.எம்.எஸ்.இ. சோதனை 1975-ல் வந்தது. மொத்தம் 30 மார்க். இன்று என்ன தேதி, இது எந்த ஊர், சற்றுமுன் சொன்ன மூன்று சொற்கள் எவை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள்... பெரும்பாலும் வாய்மொழிப் பரீட்சைதான். படம் பார்த்து வரைய ஒரே ஒரு மார்க். ஞாபகத்துக்கு முன்னால் பேச்சு போய்விடுகிற டிமென்ஷியாவும் உண்டு. அவர்கள் கதி? பள்ளிக்கூடமே பார்க்காத பாட்டிக்கு ஏழு ஏழாகக் கழிக்க வராவிட்டால் அது மறதியா? ஹரியானாவில் பல்லப்கர் கிராமத்துப் பெரியவர்களுக்காக 1995-ல் இதையே மாற்றி அமைத்தார்கள். எழுதியதைப் படித்துச் செய்யச் சொல்வதற்குப் பதில், "என் முகத்தைப் பார்த்து நான் செய்கிற மாதிரியே செய்யுங்கள்" என்றார்கள். எவ்வளவு எளிமை!

கண்ணையே கேட்கும் சோதனையும் இருக்கிறது. ஒரு படத்தைக் காட்டி, சிறிது நேரம் கழித்து அதோடு புதுப் படம் ஒன்றையும் சேர்த்துக் காட்டுவார்கள். பழையது நினைவிருந்தால் கண் புதியதில்தான் அதிக நேரம் நிற்கும். மறந்திருந்தால் இரண்டும் அதற்கு ஒன்றுதான். 1964-ல் ராபர்ட் ஃபான்ட்ஸ் கைக்குழந்தைகளிடம் கவனித்த அதே பழக்கம். 2009-ல் அமெரிக்காவில், லேசான மறதி தொடங்கியவர்களிடம் இப்படிச் செய்து பார்த்தார்கள். 2 விநாடி இடைவெளியில் தேறியவர்கள் 2 நிமிட இடைவெளியில் தடுமாறினார்கள்.

இதை மட்டும் வைத்து நோயை முடிவு செய்ய முடியாது, உண்மை. கண்புரை இருந்தால் கண்ணும் ஏமாற்றும். ஆனால் வாய்ப்பேச்சை மட்டும் வைத்து முடிவு செய்வதும், பற்றை மட்டும் எழுதி வரவை விட்டுவிட்ட பேரேடு மாதிரிதான். மெஷின் வாங்கக் காசில்லை என்பதும் சாக்கு. சீப்பு, சாவி, டம்ளர் என நாலு சாமானைக் காட்டி மூடிவிட்டு, பத்து நிமிஷம் கழித்து எட்டுக்கு நடுவில் வைத்துத் தொட்டுக் காட்டச் சொல்ல என்ன செலவாகும்? "ஒன்றும் ஞாபகமில்லை" என்று சீட்டில் எழுதிவிட்டால், அன்றிலிருந்து வீட்டில் அந்தப் பெரியவரிடம் பேசுவதையே நிறுத்திவிடுகிறார்கள். அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசுகிறார்கள்.