எண் தெரிந்தால் துல்லியமாகிவிடுமா?

“வீட்டுப் பட்டறைக்கு மலிவான டிஜிட்டல் வெர்னியர் போதும், மைக்ரோமீட்டர் வீண்செலவு” என்ற வாதத்தை ஏற்க முடியாது. திரையில் 0.01 மி.மீ. வரை எண் தெரிவதையே துல்லியம் என்று எடுத்துக்கொள்வதுதான் அதன் அடிப்படைப் பிழை. 150 மி.மீ. டிஜிட்டல் வெர்னியரில் தரமானதற்கே பொதுவாக ±0.02 மி.மீ. பிழை உண்டு.

6204 பேரிங்குக்கு ஷாஃப்ட் கடைகிறீர்கள். கே6 பொருத்தம் (ஷாஃப்ட் விட்டத்துக்கான தர வரம்பு) என்றால் விட்டம் 20.002 மி.மீ.-க்கும் 20.015 மி.மீ.-க்கும் இடையில் நிற்க வேண்டும். மொத்த இடைவெளியே 0.013 மி.மீ. கருவியின் பிழை அதைவிடப் பெரிதாக இருக்கும்போது எதை நம்பிப் பேரிங்கை ஏற்றுவது?

விலையைவிட அமைப்புதான் இங்கே முக்கியம். வெர்னியரில் அளவுகோல் ஓரிடம், பொருளைப் பிடிக்கும் தாடை வேறிடம். தாடை இம்மி சாய்ந்தாலும் அளவு மாறும். மைக்ரோமீட்டரில் திருகும் பொருளும் ஒரே கோட்டில் இருக்கின்றன. இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1890-இல் வகுத்த விதி இதுவே.

பணம் குறைவென்றால் பழைய 0–25 மி.மீ. மைக்ரோமீட்டரை வாங்குங்கள். பெட்டியிலுள்ள பெயரை மட்டும் நம்பாதீர்கள், போலிகள் உண்டு. பூஜ்யத்தையும், கேஜ் பிளாக் (துல்லிய அளவுக்கட்டை) வைத்து இடைப்பட்ட சில அளவுகளையும் சோதியுங்கள். முதற்கட்டக் கடைசலுக்கு வெர்னியர் போதும். இறுதி வெட்டுக்குப் போதவே போதாது.