சேப்பாக்கத்துக் கோஷ்டியைச் செப்பனிடுதல்

நம் ஜோகுபாளையத்தில் கிரிக்கெட் பருவம் வந்துவிட்டால் ஒரே வீட்டில் இரண்டு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. தகப்பனார் மஞ்சள் சட்டைக்காரர். பிள்ளை சிவப்புச் சட்டைக்காரன். ஊரை விட்டு வந்து தலைமுறைகள் கடந்த பின்னும், சேப்பாக்கம் என்ற பெயரைக் கேட்டால் மூத்தோருக்கு நெஞ்சம் கனிகிறது. இங்கேயே பிறந்து வளர்ந்த இளையோருக்கோ சின்னசாமி மைதானமே சொந்த முற்றம். இவ்விரு சாராரும் சச்சரவின்றி ஒப்புக்கொள்ளும் செய்தி ஒன்று உண்டு. 2025ஆம் ஆண்டு ஐ.பி.எல். பந்தயத்தில் சென்னை அணி கண்ட வீழ்ச்சி சாமானியமானதன்று என்பதே அது. விழுந்த அணியை எவ்வாறு செப்பனிடுவது என்பதில்தான் அபிப்பிராய பேதம். அது குறித்து நமது கருத்தை இம்மாதம் அன்பர்கள் முன் வைக்கிறோம்.

முதலில் நோயின் தன்மையை அறிவோம். அவ்வாண்டு சென்னை சூப்பர் கிங்ஸ் ஆடிய 14 ஆட்டங்களில் வென்றவை 4; கிடைத்த புள்ளிகள் 8; பத்து அணிகளுள் பெற்ற இடம் பத்தாவது. 2008இல் பந்தயம் தொடங்கியது முதல் அதுவரை அவ்வணி கடைசி இடத்தைக் கண்டதே இல்லை. 2010, 2011, 2018, 2021, 2023 ஆகிய ஐந்து ஆண்டுகளில் கோப்பையை வென்ற கோஷ்டி அது. அசைக்க முடியாத கோட்டை எனப் புகழப்பட்ட சேப்பாக்கத்திலேயே தோல்விமேல் தோல்வி நேர்ந்தது. மார்ச் 28ஆம் நாள் நம் பெங்களூரு அணி அங்கே சென்று 50 ஓட்டங்கள் வித்தியாசத்தில் வென்றது. 2008ஆம் ஆண்டுக்குப் பின் அம்மைதானத்தில் சென்னை அணிக்கு எதிராக அதற்குக் கிட்டிய முதல் வெற்றி அதுவாகும். ஏப்ரல் 11ஆம் நாள் கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவர்களும் ஆடி, 9 விக்கெட்டுகளை இழந்து, 103 ஓட்டங்களே எடுக்க முடிந்தது.

காலத்தின் கோளாறு என்று கூறி இதைத் தள்ளிவிட இயலாது. தலைவர் ருதுராஜ் கெய்க்வாட் முழங்கையில் அடிபட்டு இடையில் விலக நேர்ந்தது மெய்யே. ஆயினும் அதற்கு முன்னரே அணி தோற்கத் தொடங்கிவிட்டது. 2024 நவம்பரில் ஜெட்டாவில் ஏலம் நடந்தபோது ஒவ்வோர் அணிக்கும் அனுமதிக்கப்பட்ட தொகை 120 கோடி ரூபாய். அதில் 65 கோடியை ஐந்து பழைய வீரர்களை நிறுத்திக்கொள்ளச் சென்னை அணி செலவிட்டது. மீதியைக் கொண்டு வாங்கியவருள் ஆப்கானியச் சுழற்பந்து வீச்சாளர் நூர் அகமது 10 கோடிக்கு வந்து 24 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அது நல்ல வியாபாரம். ஆனால் மட்டை வரிசைக்குத் தேர்ந்தவர்களுள் பலர் முன்பு பேர் பெற்றிருந்தவர்களேயன்றி, அப்போது வேகமாக ஓட்டம் குவித்துக்கொண்டிருந்தவர்கள் அல்லர். முதல் ஆறு ஓவர்களில் எதிரியை அடித்து நொறுக்குவதே இன்றைய ஆட்டத்தின் இலக்கணம். பதினைந்தாவது ஓவர் வரை பொறுத்திருந்து பின்னர் பாய்வது பழைய இலக்கணம். சென்னை அணி பழைய இலக்கணத்தைக் கொண்டு புதிய தேர்வை எழுதச் சென்றது.

அபிமானிகள் சிலர், "2020இலும் இப்படித்தான் எட்டு அணிகளுள் ஏழாவதாக விழுந்தோம், பொறுமையாக இருந்தோம், 2021இல் கோப்பையை வென்றோம் அல்லவா?" என்று வாதிடுகின்றனர். அவ்வரலாற்றைச் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டும். 2021இல் பழைய தலைவரும் பழைய சகாக்களும் இருந்தனர் என்பது உண்மை. ஆனால் வாட்சன் விலகியிருந்தார். ஹர்பஜன் சிங், கேதார் ஜாதவ் முதலியோர் விடுவிக்கப்பட்டிருந்தனர். மொயீன் அலி புதிதாக வந்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, 24 வயது ருதுராஜ் 635 ஓட்டங்கள் எடுத்து அப்பந்தயத்திலேயே முதல்வராக நின்றார். அன்று அணியைத் தூக்கி நிறுத்தியது பொறுமை மட்டுமன்று. ஓர் இளைஞனுக்கு அளித்த இடமும் ஆகும். முதற்பாதியை நினைவில் வைத்துப் பிற்பாதியை மறந்ததே பின்னாளில் வந்த கேட்டிற்கு விதையாயிற்று.

இனி நம் கண்ணெதிரே உள்ள பாடத்தைப் பார்ப்போம். அல்சூர் ஏரியைத் தாண்டினால் எட்டிவிடும் தூரத்தில் உள்ள அணி, 2017இலும் 2019இலும் கடைசி இடத்தில் கிடந்ததை நாம் அறிவோம். 2017இல் ஓர் ஆட்டத்தில் 49 ஓட்டங்களுக்குள் அது சுருண்டது. உலகப் புகழ் பெற்ற மட்டை வீரர்களை வரிசையாக நிறுத்தியும் பதினேழு பருவங்கள் கோப்பையின்றிக் கழிந்தன. ஜெட்டா ஏலத்தில் அவ்வணியினர் வழியை மாற்றினர். பெரிய பெயர்களைத் துரத்துவதை விட்டு, எந்த ஓவரில் யார் வீசுவார், எந்த நிலையில் யார் அடிப்பார் என்று கணக்கிட்டு, ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் ஆளைத் தேடினர். ஹேசல்வுட், புவனேஷ்வர் குமார், பில் சால்ட், ஜிதேஷ் சர்மா ஆகியோர் அவ்வாறு வந்தவர்களே. 2025 ஜூன் 3ஆம் நாள் ஆமதாபாதில் பஞ்சாபை 6 ஓட்டங்களில் வென்று கோப்பையைக் கைப்பற்றினர். அன்றைய ஆட்ட நாயகர் குருணால் பாண்டியா. 4 ஓவர்களில் 17 ஓட்டங்களே கொடுத்து 2 விக்கெட்டுகளை எடுத்த அவருக்குத் தந்த விலை 5 கோடியே 75 லட்சம். அவ்வணியின் மட்டைப் பயிற்சியாளராகவும் வழிகாட்டியாகவும் நின்றவர் நம் சென்னையில் பிறந்த தினேஷ் கார்த்திக் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். மறுநாள் சின்னசாமி மைதான வாயில்களில் நேர்ந்த நெரிசலில் 11 உயிர்கள் மாய்ந்த துயரத்தை இவ்வூரார் எவரும் மறக்கவியலாது. எந்தக் கோப்பையும் ஓர் உயிருக்கு ஈடாகாது என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

சென்னை அணியார் பாடம் கற்கவே இல்லை என்று கூறுவது நியாயமாகாது. 2025 பருவத்தின் நடுவிலேயே 17 வயது ஆயுஷ் மாத்ரேயையும், தென்னாப்பிரிக்க இளைஞர் டிவால்ட் பிரெவிஸையும் சேர்த்துக்கொண்டனர். மே 3ஆம் நாள் சின்னசாமி மைதானத்தில் ஆயுஷ் 48 பந்துகளில் 94 ஓட்டங்கள் எடுத்தான். 2 ஓட்டங்களில் ஆட்டம் கைநழுவியபோதிலும், மஞ்சள் கட்சியார் அன்று தலை நிமிர்ந்தே வீடு திரும்பினர். அதே ஆண்டு நவம்பரில் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனைப் பெற்றனர். டிசம்பரில் அபுதாபியில் நடந்த ஏலத்தில், இந்தியாவுக்காக இன்னும் ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்னும் இரு வாலிபர்களைத் தலைக்கு 14 கோடியே 20 லட்சம் கொடுத்து வாங்கினர்.

ஜடேஜாவை அனுப்பியது பலருக்கு மனவருத்தம். 2023 இறுதியாட்டத்தில் கடைசி இரண்டு பந்துகளில் 10 ஓட்டங்கள் தேவைப்பட, ஒரு சிக்சரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கோப்பையைக் கொணர்ந்தவர் அவர். அவ்வருத்தத்தில் நாமும் பங்கு கொள்கிறோம். எனினும் நன்றி வேறு, நிர்வாகம் வேறு. நன்றிக்கு உரிய இடம் நெஞ்சம்; பதினோரு பேர் பட்டியலில் உள்ள இடம் அன்றைய திறமைக்கு உரியது.

மகேந்திர சிங் தோனியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். 2001இல் கரக்பூரில் ரெயில்வே பயணச்சீட்டுப் பரிசோதகராகச் சேர்ந்தவர் அவர். ரெயில்வே குமாஸ்தாவான நமக்கு அதில் தனிப் பெருமை உண்டு. ஆனால் நம் இலாகாவில் ஒரு நல்ல வழக்கமும் உண்டு. ஓய்வு பெறுகிறவர், தம் இடத்துக்கு வருகிறவரைப் பக்கத்தில் அமர்த்திக் கணக்குப் புத்தகங்களைக் காட்டிச் சார்ஜ் ஒப்படைத்துவிட்டே நாற்காலியை விட்டு எழுவார். 2025 மார்ச் 28 ஆட்டத்தில், 43 வயதில், தோனி ஒன்பதாவது ஆளாக மட்டை பிடிக்க வந்தார். அவ்விடத்தில் ஓர் இளைஞனை வைத்துப் பழக்கும் வேலையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். குற்றம் மூத்தவருடையதன்று, வாரிசைத் தேடாமல் காலந்தாழ்த்திய அமைப்பினுடையது.

ஆகவே நமது யோசனைகள் மூன்று. முதலாவது, இளைஞர்களை எடுத்தால் மூன்று பருவங்களேனும் அவர்களைத் தாங்க வேண்டும். நாற்று நட்ட மறுநாளே கதிரை எண்ணுவது உழவனுக்கு அழகன்று. ஒரு பருவத்து வெற்றி தோல்வியைக் கொண்டு அவர்களை எடைபோடலாகாது. இரண்டாவது, பெயருக்கு விலை கொடாமல் வேலைக்கு விலை கொடுக்க வேண்டும். மூன்றாவது, சொந்தக் கொல்லையைத் தோண்டிப் பார்க்க வேண்டும். சென்னையில் பிறந்த சாய் சுதர்சனை 2022இல் குஜராத் அணி வெறும் 20 லட்சத்துக்கு எடுத்தது. 2023 இறுதியாட்டத்தில் அவன் சென்னைக்கு எதிராகவே 47 பந்துகளில் 96 எடுத்தான். 2025இல் 759 ஓட்டங்களுடன் பந்தயத்தின் முதல்வனானான். வாஷிங்டன் சுந்தரும் சாய் கிஷோரும் அதே குஜராத் அணியில் ஆடினர். 2016 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் திண்டுக்கல், திருநெல்வேலி, சேலம் என ஊர் ஊராக நடந்து வருகின்றன. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

இதைக் கூறும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். "தமிழர் மட்டுமே ஆடட்டும்" என்று நம்முள் சிலர் பேசக் கேட்கிறோம். அது நமக்குத் தகாது. தண்டு உண்டான நாள் முதல் பிழைப்புத் தேடி இவ்வூருக்கு வந்தவர்கள் நம் முன்னோர். இந்நகர் நம்மை வைத்துக்கொண்டது. தில்லியில் பிறந்த கோலியை இவ்வூர் தன் பிள்ளையாக்கிக்கொண்டது. ராஞ்சியில் பிறந்த தோனியைச் சென்னை 'தல' என்று அழைத்தது. வந்தவனை வரவேற்பதும், வீட்டுப் பிள்ளையைப் பட்டினி போடாதிருப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டையும் ஒருங்கே செய்யும் குடும்பமே தழைக்கும்; அணியும் அவ்வாறே.

மஞ்சள் சட்டைத் தகப்பனார்கள் இவ்விஷயத்தில் பிள்ளைகளிடம் சற்றுச் செவி சாய்க்கலாம். பதினேழு பருவங்கள் ஏளனம் கேட்டும் சிவப்புச் சட்டையைக் கழற்றாதவர்கள் இந்நகரத்துப் பிள்ளைகள். தோற்ற அணியுடன் எவ்வாறு நிற்பது என்பதை அவர்களிடமிருந்து கற்றுக்கொள்வதில் நமக்கு இழுக்கில்லை.