உடற்பருமனும் உற்ற நட்பும்

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கு அரிய நெல்லிக்கனி ஒன்று கிடைத்தது. உண்டாரை நெடுங்காலம் வாழச் செய்யும் என்று கருதப்பட்ட அக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையார்க்கு ஈந்தான். புறநானூற்றின் 91ஆம் பாடல் வழியாக நாம் அறியும் இச்செய்தியை ஈகைக்கு எடுத்துக்காட்டாகவே வகுப்பறையில் கூறி வருகிறோம். நட்புக்கு இலக்கணமாகவும் அதனைக் கொள்ளலாம். தன் நண்பர் நலமுடன் நெடிது வாழ வேண்டும் என்னும் விருப்பமே அக்கனியைக் கை மாறச் செய்தது. நண்பரின் உடல்நலம் பேணுதல் நட்பின் கடமைகளுள் ஒன்று என்பதனை இதனினும் தெளிவாக யார் கூற இயலும்?

அன்றைய தகடூரே இன்றைய தருமபுரி. அதற்குத் தெற்கே, சேலத்தை ஒட்டி உயர்ந்து நிற்பது சேர்வராயன் மலை. அம்மலைமேல் ஏறத்தாழ 1,515 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது ஏற்காடு. அங்கு நான் கண்ட ஒரு நிகழ்ச்சி, உடல் பருத்த இளைஞர்களையும் அவர்தம் நண்பர்களையும் பற்றி எண்ணத் தூண்டியது. அவ்வெண்ணங்களையே இங்கு முன்வைக்கின்றேன்.

கிளியூர் இறக்கத்தில்

சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர்களுடன் ஏற்காட்டிற்குச் சுற்றுலா சென்றிருந்தோம். ஏரிக்கு அப்பால் உள்ள கிளியூர் நீர்வீழ்ச்சியைக் காணச் செங்குத்தான பாதையில் இறங்க வேண்டும். இறங்குவது எளிது, மீண்டு ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். முதலாண்டு மாணவர் ஒருவர், பதினேழு வயதினர், உடல் பருத்தவர், "கால் வலிக்கிறது ஐயா, நான் மேலேயே இருந்து கொள்கிறேன்" என்றார். வலி காலில் இல்லை என்பது பின்னர்த்தான் தெரிய வந்தது. சேலத்திலிருந்து மலையேறும் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பேருந்தின் பின்னிருக்கைகளில் அவருடைய உடலே நகைப்புக்கு உரிய பொருளாக இருந்திருக்கிறது. "இவனை இறக்கிவிட்டால்தான் வண்டி ஏறும்" என்றாராம் ஒருவர். அவரும் உடன் சிரித்திருக்கிறார். சிரித்துக்கொண்டே ஒதுங்கியும் விட்டார்.

அன்று மற்றொரு மாணவரும் நீர்வீழ்ச்சியைக் காணவில்லை. நண்பருக்குத் துணையாக மேலேயே தங்கிவிட்டார். அறிவுரை எதுவும் கூறாமல், "வா, இந்தக் காப்பித் தோட்டம் வரை நடந்து பார்த்து வரலாம்" என்று மட்டும் அழைத்தாராம். அந்நடை ஏற்காட்டோடு நிற்கவில்லை. ஊர் திரும்பிய பின்னரும் வைகறைத் தொழுகை முடிந்ததும் இருவரும் கல்லூரி மைதானத்தில் நடந்தனர். இருபது நிமிடமாகத் தொடங்கியது, ஆண்டு இறுதிக்குள் முக்கால் மணி நேரமாயிற்று. எத்தனை கிலோ குறைந்தது என்று நான் கேட்டதில்லை. மறு ஆண்டு விளையாட்டு விழாப் போட்டிப் பட்டியலில் அவர் தம் பெயரைத் தாமே எழுதியிருந்ததைக் கண்டேன். எடைக்கருவி காட்டும் எண்ணைவிட அது பெரிய செய்தியாக எனக்குத் தோன்றியது.

கேலி மருந்தாகுமா?

"நாலு பேர் கேலி செய்தால்தான் ரோஷம் வந்து இளைப்பான்" என்று கூறுவோர் நம்மிடையே உளர். இது தவறான கருத்து. கேலிக்கு உள்ளாகும் இளைஞர் விளையாட்டிடத்தைத் தவிர்க்கின்றனர். தனிமையில் மிகுதியாக உண்கின்றனர். உடல் மேலும் பருக்கிறது. ஆய்வாளர் பலரும் கண்டறிந்து கூறும் உண்மை இது.

நட்பு என்பது கூடிச் சிரிப்பதற்காக மட்டுமன்று, நெறி தவறும்போது இடித்துரைப்பதற்காகவும் ஆகும் என்பது வள்ளுவர் கருத்து. இக்குறளைக் காட்டிச் சிலர் இடித்துரைக்க முற்படலாம். ஆனால் அதே அதிகாரத்தில்தான், ஆடை நழுவும்போது விரைந்து சென்று மானம் காக்கும் கையை நட்புக்கு உவமையாக அவர் கூறியுள்ளார். இரண்டையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். நண்பரின் மானத்தைக் காக்கும் கைக்கே அவரை இடித்துரைக்கும் உரிமை உண்டு. மேலும், உடல் பருத்தல் என்பது நெறி தவறுதல் அன்று. மரபுக்கூறு, தைராய்டு சுரப்பிக் குறைபாடு, பெண்களுக்கு வரும் சினைப்பை நீர்க்கட்டி, சில மருந்துகளின் விளைவு எனப் பல காரணங்களால் எடை கூடும். சோம்பல் ஒன்றே காரணம் என்று தீர்ப்புக் கூற நாம் யார்?

பட்டினி என்னும் படுகுழி

கேலியினும் கொடிது ஒன்று உண்டு. அஃது அவசரம். 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில், கன்னியாகுமரி மாவட்டத்தில் பதினேழு வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். இணையக் காணொளிகளைப் பார்த்து, மூன்று மாதங்களாகப் பழச்சாற்றை மட்டுமே உணவாகக் கொண்டிருந்தார் எனக் குடும்பத்தார் கூறியதாகச் செய்தித்தாள்கள் எழுதின. அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில், கேரளத்தின் கண்ணூர்ப் பகுதியைச் சேர்ந்த பதினெட்டு வயது மாணவி ஒருவர், எடை கூடிவிடுமோ என்னும் அச்சத்தால் உணவை மிகக் குறைத்து உயிர் நீத்தார் என்னும் செய்தியும் வந்தது. இருவரும் நம் மாணவர்களின் வயதினர். அவர்களுடைய தட்டு காலியாக இருந்ததைக் கவனித்து வினவ ஒரு நண்பர் அருகில் இருந்திருக்கலாகாதா என்று நெஞ்சம் ஏங்குகிறது.

பழச்சாறு நல்லதுதானே என்று வினவலாம். சாற்றில் சர்க்கரை உண்டு. வளரும் உடலுக்கு வேண்டிய புரதம் மிகக் குறைவு. பல நாள் புரதமின்றி இருந்தால் தசை கரையும். குருதியில் உள்ள பொட்டாசியம் முதலிய உப்புகளின் சமநிலை குலைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். பருத்த உடல் என்றால் ஊட்டம் மிக்க உடல் என்று எண்ணுவதும் பிழை. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் எடை மிகுந்தோர். அதே கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் குருதிச்சோகை உடையோர். பருமனும் ஊட்டக்குறைவும் ஓருடலிலேயே உறைய இயலும் என்பது இதனால் விளங்கும். அவ்வுடலைப் பட்டினி போடுதல் எத்துணைக் கேடானது!

ஏன் இப்போது?

இது செல்வர் வீட்டுச் சிக்கல் என்று ஒதுக்கவும் இயலாது. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் பள்ளி மாணவரிடையே நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், 13 முதல் 18 வயதுள்ள மாணவர்களுள் 17.8 விழுக்காட்டினரும் மாணவியருள் 15.8 விழுக்காட்டினரும் மிகை எடை உடையவராகக் காணப்பட்டனர். 2025இல் யுனிசெப் நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 5 முதல் 19 வயதுள்ளோரிடையே உடற்பருமன் உடையோர் எண்ணிக்கை எடை குறைந்தோர் எண்ணிக்கையை முதன்முறையாக விஞ்சியுள்ளது. இளமையில் சேரும் எடை, நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் முன்கூட்டியே அழைத்து வருகிறது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. அதே இராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பெரியோரிடம் நடத்திய ஆய்வு 2006இல் வெளியாயிற்று. உணவு ஒழுங்கும் நடைப்பயிற்சியும் நீரிழிவு வரும் வாய்ப்பை 28.5 விழுக்காடு குறைத்தன என அஃது அறிவித்தது.

உணவும் உழைப்பும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. மிகுதலும் குறைதலும் ஆகிய இரண்டுமே நோய் தரும் என அதன் முதற்குறள் கூறுகிறது. பரிமேலழகர் அதனை உணவுக்கும் செயலுக்கும் பொருத்தி உரை காண்கிறார். உணவு, உழைப்பு ஆகிய இரண்டும் அளவோடு ஒத்துச் செல்லவேண்டும் என்னும் இன்றைய மருத்துவக் கருத்தும் இதுவே.

உணவில் செய்யத்தக்க மாற்றங்கள் எளியவை. காலை உணவைத் தவிர்த்தல் கூடாது. தட்டில் பாதி காய்கறியும் பழமுமாக இருத்தல் நன்று. சோற்றின் அளவைச் சற்றே குறைத்துப் பருப்பு, முட்டை, மீன், சுண்டல், மோர் ஆகியவற்றுக்கு இடம் தரலாம். குளிர்பானப் புட்டி ஒன்றில் 300 மில்லி இருப்பின், அதில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை இருக்கும். அதனை நிறுத்துவதே பலருக்கு நல்ல முதற்படி ஆகும். ஏற்காட்டு ஏரிக்கரையில் குளிருக்கு இதமாக மிளகாய் பஜ்ஜி உண்பது குற்றமன்று. நாள்தோறும் மாலையில் கல்லூரி வாயிலில் அதனை உண்பதே சிக்கல்.

சேர்வராயன் மலைவாழ் மலையாளி மக்கள் சாமையும் கேழ்வரகும் விளைவித்து உண்டு, மேடும் பள்ளமும் நடந்து உழைத்தவர்கள். சாமை மாய மருந்தன்று. அரிசியைப் போலவே அதிலும் மாவுச்சத்து மிகுதி. நார்ச்சத்து கூடுதலாக இருத்தலால் விரைவில் வயிறு நிறையும். எனினும் அம்மக்களின் உடலுறுதிக்கு உண்ட தானியம் மட்டுமின்றி நடந்த தொலைவும் காரணம் என்பதனை மறத்தலாகாது.

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலுழைப்பில் ஈடுபடவேண்டும் என உலக நலவாழ்வு அமைப்பு 2020இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோர்க்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வேண்டும். பழக்கமில்லாதவர் முதல் நாளே ஒரு மணி நேரம் ஓடுதல் தகாது. மலைச்சாலை ஏன் வளைந்து வளைந்து செல்கிறது? நேரே ஏற முயன்றால் வண்டி திணறும். உடலும் அவ்வாறே. பத்து நிமிட நடையில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுதல் வேண்டும். இரவில் எட்டு மணி நேரமாவது உறங்குதலும் வேண்டும்.

இன்னும் உயரம் வளரும் பிள்ளைகள் பலர்க்கு எடை குறையவே வேண்டுவதில்லை. ஏறாமல் நின்றாலே உயரம் கூடக்கூட உடல் சீராகும். வளர்ச்சி நின்றோர்க்கும் வாரத்திற்கு அரைக் கிலோ அளவில் மெல்லக் குறைதலே போதும். எவர்க்கு எவ்வளவு என்பதனை மருத்துவரே கூறவேண்டும். ஆகவே, "முதலில் மருத்துவரைப் பார்ப்போம், நானும் உடன் வருகிறேன்" என்பதே நண்பர் கூறத்தக்க முதற்சொல்.

நண்பர்க்கு ஒரு சொல்

மாணவ நண்பர்களே! உங்கள் தோழர் தாமே விரும்பிக் கேட்டால் உதவுங்கள், கேளாதவரை வற்புறுத்தாதீர்கள். அவர்க்கு இட்ட பட்டப்பெயரை இன்றே கைவிடுங்கள். அவர் முன் நீங்கள் புரோட்டாவை அடுக்கி வைத்துக்கொண்டு அவரைச் சுண்டல் உண்ணச் சொல்லாதீர்கள். நீங்களும் சுண்டல் உண்ணுங்கள். "எவ்வளவு குறைந்தது?" என்று வாரந்தோறும் வினவாதீர்கள். "நேற்றைவிட இன்று ஒரு சுற்று கூடுதலாக நடந்தோம்" என்று மகிழுங்கள்.

உணவை ஒளித்து வைத்தல், உண்டபின் வாந்தி எடுத்தல், அடிக்கடி மயங்குதல், மாதவிலக்கு நின்று போதல், இளைக்க வைக்கும் பொடியையோ மாத்திரையையோ மறைவாக உட்கொள்ளுதல் ஆகியவற்றைக் கண்டால் இரகசியம் காக்காதீர்கள். பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ உடனே கூறுங்கள். அது காட்டிக்கொடுத்தல் ஆகாது. மனத்துயர் மிக்கவர்க்கு 14416 என்னும் அரசின் டெலிமானஸ் தொலைபேசி எண்ணும் உள்ளது.

பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள்

விருந்தோம்பல் நம் சமுதாயத்தின் சிறப்பு. வலீமா விருந்தில், "தம்பிக்கு இன்னோர் அகப்பை வை" என்பது அன்பின் மொழியே. ஆனால் ஒரு பிள்ளை "போதும்" என்றால், அச்சொல்லை மதிப்பதும் அன்புதான். நோன்பு இறைவனுக்காக நோற்கப்படுவது; அதனை எடை குறைக்கும் வழியாக இளைஞர் கருதுதல் பொருந்தாது. பகலெல்லாம் நோற்ற உடலுக்குப் பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் இதமானவை. அவற்றை ஒட்டி எண்ணெய்ப் பலகாரங்களைக் குவிப்பதனைக் குறைக்கலாம்.

நம் பெண்பிள்ளைகளின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். "பருத்துவிட்டாள், வரன் எப்படி அமையும்?" என்று குறை கூறுகிறோம். அவள் அச்சமின்றி நடக்க ஓர் இடம் தந்தோமா? ஏற்காட்டில் 1917இல் தொடங்கப்பெற்ற மான்ட்ஃபோர்ட் பள்ளி போன்ற விடுதிப் பள்ளிகளில் பாடவேளையைப் போன்றே விளையாட்டுக்கும் வேளை உண்டு. கல்லூரி மைதானத்தை நாள்தோறும் ஒரு மணி நேரம் மாணவியர்க்கு மட்டும் ஒதுக்குவது நம்மால் இயலாத செயலன்று. விடுதி உணவில் வாரம் மூன்று நாள் சுண்டலும் கீரையும் சேர்ப்பதற்குப் பெரும் பொருட்செலவும் ஆகாது. நிருவாகத்தாரும் பெற்றோரும் மனம் வைத்தால் இக்கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.

ஔவையார்க்குக் கிடைத்தது அரிய நெல்லிக்கனி. நம் நண்பர்க்கு நாம் தரத்தக்கது அத்துணை அரியதன்று: காலையில் அரை மணி நேரம், கேலி கலவாத ஒரு சொல், உடன் நடக்கும் இரண்டு கால்கள். இவை நம் ஒவ்வொருவரிடமும் உள்ளன. ஈவதற்கு மனம் ஒன்றே வேண்டும்.