மின்னூலாகாத சிறார் துப்பறியும் தொடர்கள்: உரிமைச் சிக்கலும் மூலபாடமும்

முன்னுரை

பழைய சிறார் துப்பறியும் தொடர்களுள் பல இன்று பழைய புத்தகக் கடைகளிலும் சேகரிப்பாளர் அலமாரிகளிலும் மட்டுமே கிடைக்கின்றன. படிப்பார் இல்லாமையே இவை மின்னூலாகாமைக்குக் காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. இக்கருத்து முழுமையானதன்று. வாசகர் நிரம்பப் பெற்ற தொடர்களும் இவ்வாறே தேங்கியுள்ளன. மின்னாக்கத்தைப் பெரிதும் தடுப்பது, உரிமை யாரிடம் உள்ளது என்பதில் தெளிவின்மையே. அத்தெளிவை உருவாக்குவதில் இலக்கிய ஆய்வாளர்க்கும் பொறுப்புண்டு என்பது இக்கட்டுரையின் கருத்து.

பல பெயர், பல உரிமை

ராபர்ட் ஆர்தர் 1964-இல் தொடங்கிய 'தி த்ரீ இன்வெஸ்டிகேட்டர்ஸ்' தொடர் இதற்குத் தக்க சான்று. முதல் நூல்களை ஆர்தர் எழுதினார். 1969-இல் அவர் மறைந்த பின் வேறு எழுத்தாளர்கள் தொடர்ந்தனர். அட்டையில் விளங்கிய ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் பெயரோ உரிமம் பெற்றுப் பயன்படுத்தப்பட்டது. அவர் 1980-இல் மறைந்த பின்னர், அவர் வகித்த இடத்தில் கற்பனை மாந்தர் ஒருவர் அமர்த்தப்பட்டார். ஆக, ஒரே தொடரில் படைத்தவர், தொடர்ந்து எழுதியவர்கள், ஓவியர்கள், பெயர் வழங்கியவர், பதிப்பகம் எனப் பல தரப்பினரின் உரிமைகள் பின்னிக் கிடக்கின்றன.

இத்தொடர் ஜெர்மனியில் 1968 முதல் நூலாகவும் 1979 முதல் ஒலிநாடகமாகவும் பெருவரவேற்புப் பெற்றது. ஜெர்மன் எழுத்தாளர்கள் புதிய கதைகளை இன்றும் எழுதி வருகின்றனர். அங்கும் இந்நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் எழுந்த உரிமைப் பூசலால், ஒலிநாடக நிறுவனம் சிறிது காலம் தொடரின் பெயரையே மாற்றி வெளியிட நேர்ந்தது. ஆங்கில மூலமோ மின்னூற் சந்தை பரவிய பின்னரும் பல்லாண்டுகள் மின்னூலாகக் கிடைக்கவில்லை. வாசகர் இன்மையைக் காரணமாகக் கூற இங்கு இடமே இல்லை.

ஒப்பந்தத்தின் மௌனம்

பழைய ஒப்பந்தங்கள் மின்னூல் என்னும் வடிவத்தை அறியாதவை. ரேண்டம் ஹவுஸ், ரொசெட்டா புக்ஸ் என்னும் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில், 'நூல் வடிவில்' வெளியிடும் உரிமை மின்னூலை உள்ளடக்காது என்னும் நிலைப்பாட்டை நியூயார்க் நீதிமன்றம் 2001-இல் ஏற்றது. 'ஜூலி ஆஃப் தி வுல்வ்ஸ்' என்னும் சிறார் புதினம் பற்றிய 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்போ பதிப்பகத்திற்குச் சாதகமாக அமைந்தது. அதன் 1971-ஆம் ஆண்டு ஒப்பந்தம் பின்னர்த் தோன்றும் மின்னணு வழிகளையும் குறித்திருந்ததே காரணம். எனவே ஒவ்வொரு நூலின் ஒப்பந்தத்தையும் தேடியெடுத்து, சொல் சொல்லாகப் பார்த்தாக வேண்டும். நாற்பது சிறு நூல்கள் கொண்ட தொடருக்கு இவ்வாறு செய்யும் செலவு, எதிர்பார்க்கும் வருவாயை விஞ்சிவிடும். பதிப்பகம் வாளாவிருப்பதே இலாபமாகிறது.

எந்தப் பாடம் வாழ்கிறது?

மின்னூலாகிவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்றும் கூற இயலாது. 1930-இல் தொடங்கிய நான்சி ட்ரூ தொடரின் தொடக்க நூல்கள் 1959 முதல் திருத்தியெழுதப்பட்டன. இனவெறுப்புச் சித்திரிப்புகள் நீக்கப்பட்டதோடு, கதைகளும் சுருக்கப்பட்டன. மின்னூலாகப் பரவியது இத்திருத்தப் பாடமே. கரோலின் கீன் என்னும் புனைபெயருக்குப் பின்னிருந்து மில்ட்ரெட் விர்ட் பென்சன் எழுதிய 1930-ஆம் ஆண்டுப் பாடங்கள், 95 ஆண்டுக் காப்புரிமைக் காலம் முடிந்து 2026-இன் தொடக்கத்தில்தான் அமெரிக்காவில் பொதுவுடைமையாயின. சிறாருக்குத் திருத்தப் பாடம் பொருந்தலாம். வரலாற்றாய்வுக்கு மூலபாடம் இன்றியமையாதது. மின்வடிவில் எளிதாகக் கிடைப்பதையே மூலமெனக் கொள்ளும் ஆய்வு பிழைபட்ட முடிவுகளுக்கே இட்டுச்செல்லும்.

தமிழ்ச் சூழல்

தமிழ்ச் சிறார் துப்பறியும் கதைகளுள் பல இதழ்த் தொடர்களாகப் பிறந்தவை, புனைபெயர்களில் எழுதப்பட்டவை. வி. கிருஷ்ணமூர்த்தி, வாண்டுமாமா, கௌசிகன் ஆகிய பெயர்கள் ஒருவரையே குறிக்கும் என்பதை அறியாத நூற்பட்டியல், ஒரே ஆசிரியரை மூவராக்கிவிடும். இது சட்டத்திலும் விளைவுடையது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். அடையாளம் வெளிப்படாத புனைபெயர்ப் படைப்புக்கோ வெளியீட்டிலிருந்தே 60 ஆண்டுகள் கணக்கிடப்படும். இதழ்ப் பணியாளராக எழுதியவரின் படைப்பில், வேறு உடன்பாடு இல்லையேல், இதழில் வெளியிடும் உரிமை இதழ் உரிமையாளர்க்கும் ஏனைய உரிமைகள் ஆசிரியர்க்கும் உரியன. எழுதியவர் பணியாளரா, வெளியிலிருந்து எழுதியவரா என்பதும் ஆகவே ஆய்வுக்குரிய வினாவாகிறது.

வருடிப் பதிவேற்றினால் போதாதா எனக் கேட்கலாம். ஆர்வலர்களின் அப்பணியால் அழிவிலிருந்து தப்பிய நூல்கள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் தலைப்புப் பக்கமும் பதிப்பாண்டும் இல்லாத படி, ஆய்வில் மேற்கோளாக நிற்கும் தகுதி குன்றியது. உரிமையாளர் எதிர்த்தால் அதுவும் மறையும்.

முடிவுரை

நாட்டுடைமையாக்கத்திற்கும், உரிமையாளரைக் கண்டறிய இயலாத படைப்புகளுக்குச் சட்டம் வகுத்துள்ள உரிம வழிக்கும், ஆசிரியர் யார், மரபுரிமையர் யார், முதல் வெளியீடு எப்போது என்னும் தரவுகளே அடிப்படை. தமிழ்த்துறைகள் சிறார் தொடர்களுக்கு இத்தரவுகளைத் தொகுப்பதை முனைவர் பட்ட ஆய்வுக்குரிய பணியாக ஏற்க வேண்டும். இதழ்ப் பணியாளர்களும் ஓவியர்களும் எழுத்தாளர் குடும்பத்தாரும் நினைவுகூர்ந்து சொல்லக்கூடிய காலம் இதுவே. மலிவான தாளில் அச்சான அந்நூல்கள் நொறுங்கத் தொடங்கிவிட்டன. அவற்றை எழுதியவர் யாரென்று சொல்லக்கூடியோரும் அருகி வருகின்றனர். உரிமைக் காலம் முடியும் நாளில் மின்னாக்குவதற்கு ஒரு படியேனும் எஞ்சியிருக்க வேண்டுமாயின், பதிவுப்பணி இன்றே தொடங்கப்பட வேண்டும்.