இரவில் பச்சோந்திக்குக் குளிருமா?



நம் பிள்ளைகளின் செல்லப்பிராணி ஆசை முயல், மீன், வெள்ளெலி என்ற எல்லையைத் தாண்டிப் பச்சோந்தி வரை வந்துவிட்டது. இணையக் காணொளிகளில் அதைக் கண்டு மயங்கும் பிள்ளைகள் அடுத்துக் கேட்கும் கேள்வி, "இரவில் அதற்குக் குளிராதா? விளக்கு ஏற்றி வைக்க வேண்டுமா?" என்பதாகும். "சிங்கப்பூரில் அதை வளர்ப்பது குற்றம்" என்று சொல்லி நாம் பேச்சை முடித்துவிடுகிறோம். அது சரியான பதில்தான். ஆயினும் போதுமான பதிலாகாது என்பதே என் கருத்து. ஓர் உயிருக்குக் குளிருமோ என்று கவலைப்படும் குழந்தையின் கேள்வியில் அன்பும் இருக்கிறது, அறிவு வேட்கையும் இருக்கிறது. சட்டத்தை மட்டும் காட்டினால் இரண்டையும் அடைத்துவிடுகிறோம்.

முதலில் சட்டத்தையே தெளிவாகச் சொல்லிவிடுவோம். தேசியப் பூங்காக் கழகத்தின் விதிகளின்படி, நம் வீடுகளில் பாம்போ பல்லி இனங்களோ வளர்க்க அனுமதியில்லை. ஊர்வனவற்றுள், கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு கொண்ட 'ரெட் இயர்டு ஸ்லைடர்' ஆமை போன்ற மிகச் சிலவற்றுக்கே இடமுண்டு. மேலும் பெரும்பாலான பச்சோந்தி இனங்கள், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளன. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் நம் பச்சோந்தியும் அவற்றுள் ஒன்று. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைக் காக்கிறது.

இனி, குளிர் பற்றிய கேள்விக்கு வருவோம். ஊர்வனவற்றைக் 'குளிர் இரத்தப் பிராணிகள்' என்று நாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். இச்சொல் பிள்ளைகளைத் தவறான இடத்துக்கு இட்டுச் செல்கிறது. நண்பகல் வெயிலில் கிடக்கும் ஓணானின் இரத்தம் குளிர்ந்திருப்பதில்லை. அது தன் உடலுக்குள் போதிய வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ளாமல், வெயிலிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் பெற்றுக்கொள்கிறது. 'புறவெப்ப உயிரி' என்று சொன்னால் பொருள் உடனே விளங்கும். பச்சோந்தி நிறம் மாறுவதற்கும் இதில் பங்குண்டு. காலையில் உடல் குளிர்ந்திருக்கும்போது கருநிறம் கொண்டு வெயிலை உள்வாங்கும். சூடு மிகுந்தால் வெளிறும். கொள்கை மாறும் அரசியல்வாதிக்கு நாம் இதன் பெயரைச் சூட்டுகிறோம். பாவம், அதுவோ பெரும்பாலும் தன் வெப்பத்தைச் சீர்செய்யவும், தன் இனத்தோடு பேசவும்தான் நிறம் மாறுகிறது!

பகலில் வெயில் காய்வதற்கு ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஓர் இடம் அதற்கு வேண்டும். உண்ட பூச்சி செரிக்க அந்த வெப்பம் தேவை. இரவிலோ கதை வேறு. ஏமன், சவூதி அரேபியா நாடுகளைச் சேர்ந்த முக்காட்டுப் பச்சோந்தியும், மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியும் இரவில் 18 முதல் 22 டிகிரியில் நலமாக உறங்கும். கென்ய மலைகளில் வாழும் மூன்று கொம்புள்ள ஜாக்சன் பச்சோந்திக்கு அதனினும் குளிர்ந்த இரவே உகந்தது. இரவின் தணிவு அவற்றுக்கு ஓய்வு. இருளும் அவ்வாறே, இரவு முழுவதும் எரியும் விளக்கு, அது சிவப்பு விளக்காக இருந்தாலும், உறக்கத்தைக் கெடுக்கும்.

சிங்கப்பூரில் இரவு வெப்பம் பெரும்பாலும் 23 முதல் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. ஆகவே இங்கே பச்சோந்திக்கு இரவில் சூடேற்ற வேண்டிய தேவையே எழாது. மலைவாழ் இனத்துக்கு நம் இரவுகளே அளவுமீறிய வெப்பம். வீவக வீட்டு அறையில் குளிரூட்டியை இயக்கினால் அந்தக் காற்று வறண்டது. பச்சோந்தி விரும்புவதோ ஈரம் மிகுந்த காற்றை. அணைத்தால் புழுக்கம். நமக்கு இதமான அறை அதற்கும் இதமாக இருக்கும் என்று எண்ணுவதில்தான் நாம் தடுமாறுகிறோம். நம் தோலை வைத்து இன்னோர் உயிரின் குளிரை அளக்க முடியாது.

பச்சோந்தி வளர்ப்பதற்குச் சட்டம் இடந்தரும் இலண்டனிலோ டொராண்டோவிலோ வாழும் உறவினர் கேட்டால் என்ன சொல்வது? எந்த இனம் என்று முதலில் அறியுங்கள். கூண்டுக்குள் வெப்பமானி வையுங்கள். குளிர்கால இரவில் அந்த இனம் தாங்கும் அளவுக்குக் கீழே வெப்பம் இறங்கினால் மட்டும், வெளிச்சம் தராத பீங்கான் சூடேற்றியை, வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியுடன் இணைத்து, உயிரினம் தொட முடியாத இடத்தில் பொருத்துங்கள். சூடேறும் செயற்கைக் கற்கள் வயிற்றைச் சுட்டுப் புண்ணாக்கும். அவற்றைத் தவிர்ப்பது நலம்.

நம் பிள்ளைகளுக்கு வேறு வழி இருக்கிறது. நம் பூங்காக்களிலும் புதர்களிலும் ஓணான் தாராளமாக உண்டு. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் தலை சிவப்பதைக் கண்டு பலர் அதைப் பச்சோந்தி என்றே எண்ணிவிடுகிறார்கள். இந்த ஓணானும் சிங்கப்பூருக்கு வந்தேறியதே. 1980களில் இங்கே பரவத் தொடங்கி, இம்மண்ணுக்கே உரிய பச்சை நிறக் கொண்டை ஓணானைப் பல இடங்களிலிருந்து ஒதுக்கிவிட்டது. வெளியூர் உயிரொன்று புது இடத்தில் பரவினால் என்ன நேரும் என்பதற்கு இதைவிட அருகில் ஒரு பாடம் வேண்டுமா? வார இறுதியில் தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போகும் வழியில், பக்கத்துப் பூங்காவில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். காலை வெயிலில் அது எங்கே அமர்கிறது, வெயில் ஏறியதும் எங்கே ஒதுங்குகிறது என்று பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும். மொழிப்பாடமும் அங்கேயே கிடைக்கும்: பச்சை, ஓந்தி என்னும் இரு சொற்கள் சேர்ந்ததே பச்சோந்தி, ஓந்தி என்பது ஓணானுக்குரிய பழஞ்சொல். வேலியில் போகும் ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்ளாதே என்ற பழமொழியையும் அப்போது சொல்லலாம். அது நமக்கு வரும் தொல்லையைச் சொல்வது. ஓணானுக்கு வரும் தொல்லையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது நம் பொறுப்பு.

சட்டப்படி வளர்க்கக்கூடிய அந்த ஆமை உங்கள் வீட்டில் இருந்தால், இதே கேள்வியை அதற்காகக் கேளுங்கள். குளிரூட்டி இயங்கும் அறையில், வெயிலே படாத சிறு கிண்ணத்தில் அது கிடக்கிறதா? பகலில் ஏறிக் காயக் கல்லும் வெயிலும், வெயில் மிகுந்தால் ஒதுங்க நிழலும் இருக்கின்றனவா? அலுத்துப் போனதும் நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய் விடுவது கருணையாகாது. அது சட்டவிரோதமும் ஆகும்.

"அதற்கு என்ன வேண்டும்?" என்று கேட்கப் பழகிய குழந்தை, "எனக்கு அது வேண்டும்" என்று கேட்பதைத் தானாகவே குறைத்துக்கொள்ளும் என்பது என் நம்பிக்கை. ஆகவே, அடுத்த முறை பிள்ளைகள் இதைக் கேட்டால் சட்டத்தையும் சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். பச்சோந்திக்கு இரவில் வேண்டியது இருளும், சற்றே தணிந்த காற்றும், ஏறிப் படுக்க ஒரு மரக்கிளையும்தான்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியர்